குடும்பத் திரைச்சுருளும் படத்தொகுப்பும் – ஒரு வரலாற்று நோக்கு

வரலாற்று மூலங்கள் எவையென வகுத்துரைக்க முற்படுவோர் கல்வெட்டு, செப்பேடு, நாணயம், ஏட்டுச்சுவடி, அரசாங்க ஆவணம் என்னும் வரிசையை ஐயமெதுவுமின்றி ஒப்புவித்துவிடுவது வழக்கம். பழங்காலத்தை ஆராய்பவருக்கு இது போதுமானதாயிருக்கலாம். இருபதாம் நூற்றாண்டின் சமூக வாழ்வை ஆராய விழைபவருக்கோ இதற்குப் புறம்பான மூலமொன்று பெருந்தொகையாகக் குவிந்து கிடக்கின்றது. பிறந்தநாள், திருமணம், கோயிற் திருவிழா, கடற்கரைப் பயணம் முதலானவற்றைக் குடும்பத்தவர் ஒருவர் தம் கையாலேயே பதிவு செய்த அசையும் படங்களையே ஈண்டுக் குறிப்பிடுகின்றோம். அண்மைக் காலம் வரை இவற்றை ஆவணமாக மதித்தவர் சிலரே.

மூலமொன்றைக் கையாளுமுன் அது எவ்வழியாக எம்மை வந்தடைந்தது என வினவுதல் வரலாற்று மாணவரின் முதற் பணியாகும். ஏட்டைப் பெயர்த்தெழுதியவர் எதனை விட்டார், எதனைச் சேர்த்தார், எங்கே தாமாகத் திருத்தினார் என்று பாட ஆய்வாளர் கேட்கின்றார் அல்லவா? குடும்பப் படத்தைப் பொறுத்தவரையிலும் அவ்வினா எழுதல் வேண்டும். இதனைத் தொகுத்தவர் யார்? எக்கருவி கொண்டு தொகுத்தார்? அவர் வெட்டிக் கழித்த பகுதி என்னவாயிற்று? இம்மூன்றாவது வினாவே மிக முக்கியமானது. அதற்குக் கிடைக்கும் விடை காலத்துக்குக் காலம் மாறி வந்துள்ளது. அம்மாற்றத்தைத் தொகுப்புக் கருவிகளின் வரலாற்றினூடாக விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1923 ஆம் ஆண்டில் ஈஸ்ற்மன் கொடக் நிறுவனம் 16 மி.மீ. அகலமுடைய படச்சுருளையும் அதற்குரிய கமராவையும் விற்பனைக்கு விட்டதோடு குடும்பப் படம் அமெரிக்க வசதிபடைத்தோர் இல்லங்களிற் கால்கொண்டது. அச்சுருள் எளிதில் தீப்பற்றாதது என்பது பலரும் அறிந்தது. அதன் மற்றொரு பண்பே எமது நோக்கில் முதன்மையானது. தொழின்முறைத் திரைப்படத்தில் எதிர்ப்படம் ஒன்று எடுக்கப்பட்டு, அதிலிருந்து வேண்டிய அளவு நேர்ப்படிகள் அச்சிடப்படும். குடும்பத்துக்கென வந்த சுருளிலோ கமராவினுள் ஓடிய அதே சுருளே இரசாயன முறையால் நேர்ப்படமாக மாற்றப்பட்டுத் திரையிடப்பட்டது. செலவைக் குறைக்கும் பொருட்டுச் செய்யப்பட்ட ஏற்பாடு இது. அதன் விளைவாக மூலமும் படியும் ஒன்றாயின. வீட்டிலே கத்தரிக்கோலும் பசையும் கொண்டு தொகுக்க அமர்ந்தவர் உலகிலுள்ள ஒரேயொரு பிரதியையே வெட்டினார்.

1932 இல் 8 மி.மீ. சுருளும் 1965 இல் சூப்பர் 8 உம் வந்தன. செலவு குறைந்தது; ஆயினும் அளவு குறுகியதே. 8 மி.மீ. சுருளொன்று ஓடி முடிய நான்கு நிமிடமே பிடித்தது. 50 அடி கொண்ட சூப்பர் 8 பேழையொன்று 3 நிமிடம் 20 விநாடியில் முடிந்துவிடும். எனவே படம்பிடிப்பவர் விசையை அழுத்துமுன்னரே மனத்துள் தொகுப்பைச் செய்து முடித்துவிடுகின்றார். எதனை எடுப்பது என்னும் தீர்மானமே எதனை விடுவது என்னும் தீர்மானமுமாயிற்று.

1926 இல் நியூயோர்க்கில் தோன்றிய அமெச்சூர் சினிமாச் சங்கமும் அதன் சஞ்சிகையும் கொடக் வெளியிட்ட கைந்நூல்களும், படத்தை எடுத்தபடியே காட்டலாகாது, நீண்டவற்றைக் குறைக்கவேண்டும், தேவையற்றவற்றை நீக்கவேண்டும் என இடையறாது போதித்து வந்தன. ஹொலிவூட்டின் இலக்கணத்தைக் குடும்பத்தின் மீது ஏற்றும் முயற்சி இதுவெனலாம். குடும்பங்களோ இப்போதனைக்குப் பெரிதும் செவிசாய்க்கவில்லை. மானிடவியலாளர் றிச்சட் சல்வன் 1987 இல் வெளியிட்ட ஆய்விலே, கைந்நூல்கள் எவ்வளவு வற்புறுத்தியும் சாதாரண மக்கள் தம் படங்களை அரிதாகவே தொகுத்தனர் என எடுத்துக்காட்டியுள்ளார். சோம்பல் மட்டும் இதற்குக் காரணமென்று கொள்வதற்கில்லை. பார்ப்போர் அனைவரும் அங்கிருந்தவர்களே. கதை அவர்களுக்குத் தெரியும். கதை சொல்லுவதற்காகவன்றி, மீண்டும் கண்டு பேசுவதற்காகவே அவர்கள் படத்தை ஓடவிட்டனர்.

ஒரேயொரு பிரதியை வெட்டுவதென்றால் என்ன என்பதற்குப் புகழ்பெற்ற சான்றொன்று உண்டு. 1963 நவம்பர் 22 ஆம் நாள் டலஸ் நகரில் ஜனாதிபதி கென்னடி சுடப்பட்டதை ஆடை உற்பத்தியாளரான ஏபிரகாம் சப்ருடர் தமது 8 மி.மீ. கமராவினாற் பதிவு செய்தார். அது 486 சட்டகங்கள் கொண்டது. அரை நிமிடத்துக்கும் குறைவானது. குடும்பப் படங்களுக்கென விற்கப்பட்ட சுருளிலே ஒரு நாட்டின் வரலாறு பதிந்துவிட்டது. அதனை விலைக்கு வாங்கிய ‘லைஃப்’ சஞ்சிகையின் ஆய்வுகூடத்திலே 208 முதல் 211 வரையான சட்டகங்கள் பழுதுற்றன; அவற்றை நீக்கிச் சுருளை ஒட்டினர். நான்கு சட்டகங்கள் என்பது கால் விநாடிக்கும் குறைவு. எனினும் அச்சிறு ஒட்டு எத்தனை ஐயங்களுக்கும் சதிக் கோட்பாடுகளுக்கும் இடமளித்தது என்பதை நாமறிவோம். படம் எடுக்கப்பட்ட அன்றே மூன்று படிகள் செய்யப்பட்டிருந்தமையால் அச்சட்டகங்கள் அவற்றிற் பிழைத்தன. 1999 இல் நடுவர் குழுவொன்று இம்மூலச் சுருளுக்கு 1 கோடி 60 இலட்சம் டொலர் இழப்பீடு விதித்தது. ஆனால் இங்கு மனங்கொள்ளத்தக்கது பணத்தொகையன்று. வெட்டு அங்கே கண்ணுக்குத் தெரிந்தது. பசையின் தடம் சுருளிலே இருந்தது. ‘இங்கே ஏதோ நீக்கப்பட்டுள்ளது’ என்று மூலமே சாட்சி சொல்லிற்று.

வீடியோ நாடா இந்நிலையைத் தலைகீழாக்கிற்று. காந்த நாடாவிற் பதிந்த படம் கண்ணுக்குத் தெரியாது. தொலைக்காட்சி நிலையங்களில் 1956 இல் நாடாப் பதிவு தொடங்கிய காலத்தே, இரும்புத் துகள் கலந்த திரவத்தைத் தடவிப் பதிவுத் தடங்களைத் தோன்றச் செய்து, உருப்பெருக்கியாற் பார்த்து வெட்டினர். வீட்டிலே அது நடவாத காரியம். 1975 இல் பீற்றாமக்ஸும் 1976 இல் வீ.எச்.எஸ்ஸும் வந்தபின், கமராவும் பதிகருவியும் ஒன்றாயமைந்த சாதனம் 1983 இல் கடைக்கு வந்தது. படம் பிடிப்பது மலிந்தது. மூன்று நிமிடம் மூன்று மணியாயிற்று. தொகுப்போ முன்னிலும் கடினமாயிற்று. எம்மவர் பேச்சில் ‘டெக்’ எனப்பட்ட பதிகருவிகள் இரண்டினை இணைத்து, ஒன்றில் ஓடவிட்டு மற்றதிற் படியெடுப்பதே வழி. படிக்குப் படி படம் மங்கிற்று. நடுவிலே ஒரு காட்சியை நீட்டவோ குறைக்கவோ வேண்டின் அதற்குப் பின்னுள்ள அனைத்தையும் மீளப் பதிய வேண்டும். ஆகவே பெரும்பாலானோர் நாடாவைத் தொடாமல் வைத்தனர். வெட்டப்படாத மணிக்கணக்கான வாழ்க்கை இவ்வாறு எஞ்சிற்று. இது திட்டமிட்ட பாதுகாப்பன்று. கருவியின் இயலாமையால் விளைந்த பாதுகாப்பு.

இவ்விடத்தே எமது சமூகத்தோடு தொடர்புடைய ஒன்றைக் குறிப்பிடாது செல்லல் இயலாது. 1983 இன் பின்னர் கனடா, சுவிற்சர்லாந்து, பிரான்சு, இங்கிலாந்து முதலிய நாடுகளிற் சிதறி வாழத் தலைப்பட்ட தமிழ்க் குடும்பங்களிடையே திருமண வீடியோ நாடா கடிதத்துக்கு நிகரான பணியை ஆற்றிற்று. ரொறன்ரோவிற் பதிவான நாடா ஊருக்கு வந்தால் நேரே ஓடாது. கனடாவின் தொலைக்காட்சி முறை வேறு, இலங்கையின் முறை வேறு. மாற்றிப் படியெடுத்தே பார்க்கவேண்டும். அவ்வாறு பார்த்தவர் எதனைத் தேடினர்? தாலி கட்டும் கணத்தை மாத்திரமன்று. வந்திருந்தோர் வரிசையாக அமர்ந்திருப்பதை, பந்தியில் உண்போரை, மண்டபத்தின் மூலையில் நின்றவரைத் தேடினர். யார் தளர்ந்துவிட்டார், யாருடைய பிள்ளை வளர்ந்துவிட்டது, எவர் எவரோடு பேசாதிருக்கின்றார் என்பன எல்லாம் அந்நீண்ட, ‘சுவையற்ற’ பகுதியிலேயே இருந்தன. தொழில் தெரிந்த படத்தொகுப்பாளர் முதலில் வெட்டியிருக்கக்கூடிய பகுதியும் அதுவேயாகும்.

கணினிவழித் தொகுப்பின் தொழின்முறை வரலாற்றை விரிக்க வேண்டியதில்லை. 1971 இல் வந்த சீ.எம்.எக்ஸ். 600 என்னும் பொறித்தொகுதி, 1984 இல் லூக்கஸ் நிறுவனத்தார் காட்டிய எடிற்றுரொயிட், 1989 இல் வந்த அவிட் ஆகியன அனைத்தும் ஒரே கருத்தின் படிமுறை வளர்ச்சிகள்: படத்தை வெட்டாமல், எங்கே தொடங்கி எங்கே முடிவது என்ற குறிப்பை மட்டும் எழுதுதல். 1991 இல் குயிக்ரைமும் அடோபி பிறிமியரும் இக்கருத்தை மேசைக் கணினிக்குக் கொணர்ந்தன. ஆனால் அன்றைய கணினித் திரையில் ஓடிய படம் தபால் முத்திரையளவினது.

உண்மையான திருப்பம் 1995 இல் எண்முறை நாடா வெளிவந்தபின் ஏற்பட்டது. கமராவையும் கணினியையும் ஒரே வடத்தால் இணைத்து, தரம் சிறிதும் குன்றாமற் படத்தை உள்ளே கொணரவும் மீள நாடாவுக்கு அனுப்பவும் முடிந்தது. 1999 ஒக்டோபரில் அப்பிள் நிறுவனம் ஐமக் கணினியோடு ஐமூவி என்னும் தொகுப்பு மென்பொருளைச் சேர்த்து வழங்கிற்று. 2000 செப்ரெம்பரில் மைக்ரோசொப்ற் நிறுவனம் வின்டோஸ் மில்லேனியம் பதிப்புடன் மூவி மேக்கரை இணைத்தது. இரண்டுக்கும் தனி விலையில்லை. கணினியை வாங்கியவர் கையிற் படத்தொகுப்பு மேசையும் தானாகவே வந்து சேர்ந்தது. கைந்நூல்கள் எழுபத்தைந்து ஆண்டுகளாகப் போதித்தும் நடவாதது இப்பொழுது நடந்தது. குடும்பங்கள் தொகுக்கத் தொடங்கின.

இங்கே ஒரு சிறு கணக்கைப் பார்த்தல் பயனுடையது. எண்முறை நாடாவின் ஒரு மணி நேரப் படம் கணினியில் ஏறத்தாழ 13 கிகாபைற்று இடத்தைக் கொள்ளும். 1999 ஆம் ஆண்டின் ஐமக் டீவீ கணினியின் வன்தட்டோ 10 கிகாபைற்று. ஒரு திருமணத்தை முழுமையாக அதனுள் வைக்க முடியாது. தொடக்க கால ஐமூவியிலே, காட்சியொன்றின் முன்னும் பின்னும் நறுக்கிய பகுதிகள் குப்பைக்கூடையிற் சேர்ந்தன. அக்கூடையை வெறிதாக்கினால் அவை மீளா. இடநெருக்கடி காரணமாக அதனை வெறிதாக்கவே வேண்டியிருந்தது. கொள்கையளவில் எதனையும் அழிக்காத தொகுப்புமுறை, நடைமுறையில் அழிப்பதை ஒரு விசைத் தட்டலாகக் குறைத்துவிட்டது. நாடாவைப் பத்திரமாக வைத்திருந்தவருக்கு இழப்பில்லை என்பர். ஆனால் நாடாவுக்கும் விலையுண்டு. தொகுத்த படம் வட்டிலே ஏறியபின் அந்நாடாவின் மேலேயே அடுத்த விழாவைப் பதிவதைத் தடுக்க எதுவுமிருக்கவில்லை. அப்பதிவின் பின்னர் ஒட்டுமில்லை, பசையின் தடமுமில்லை. சப்ருடர் சுருள் சொன்ன சாட்சியை இது சொல்லாது.

மூவி மேக்கரின் சிக்கல் வேறு வகையினது. அதன் திட்டக் கோப்பிலே படம் இருப்பதில்லை. எக்கோப்பில் எவ்விடத்திலிருந்து எவ்விடம் வரை எடுப்பது, எந்த எழுத்தை இடுவது, எந்த இசையைச் சேர்ப்பது என்ற குறிப்புக்களே அதிலுள்ளன. இலக்கியத்தினின்று உவமை கூறின், அது நூலன்று, நூலுக்கான சூசிகை. மூலக் கோப்பை இடம் மாற்றினாலோ அழித்தாலோ காட்சி இருந்த கட்டத்திற் சிவப்புக் குறியொன்றே தோன்றும். மாதக்கணக்கில் உழைத்துச் செய்த தொகுப்பைப் பாதுகாப்பதாக எண்ணி இத்திட்டக் கோப்பை மாத்திரம் வட்டிற் பதிந்து வைத்தவர் பாதுகாத்தது ஓர் அட்டவணையையே. மைக்ரோசொப்ற் நிறுவனம் 2017 ஜனவரியில் மூவி மேக்கருக்கான ஆதரவையும் நிறுத்திக்கொண்டது. ஏட்டைக் கரையான் அரித்தால் எஞ்சிய எழுத்துக்களையாவது வாசிக்கலாம்.

2002 இல் வெளிவந்த மூவி மேக்கரின் இரண்டாம் பதிப்பிலே வரலாற்று மாணவருக்குச் சுவை பயக்கும் அம்சங்கள் இரண்டு உள. ஒன்று, புதிய படத்தைப் பழைய படமாகத் தோற்றச் செய்யும் வசதி. கீறல், தூசி, நடுக்கம் ஆகியவற்றை மூன்று படிகளில் ஏற்றிக்கொள்ளலாம். முதுமை அலங்காரமாயிற்று. மூலத்தின் வயதை அதன் தேய்வினாற் கணிக்கும் பழக்கமுடைய எமக்கு இது சிரிப்பையும் சிறிது அச்சத்தையும் ஒருங்கே தருகின்றது. மற்றையது, தெரிவு செய்யும் பணியையே மென்பொருளிடம் ஒப்படைக்கும் தானியங்கித் தொகுப்பு. இரண்டாவது அம்சம் அன்று விளையாட்டாகவே கருதப்பட்டிருக்கும். 2015, 2016 ஆம் ஆண்டுகளில் கூகிளும் அப்பிளும் தத்தம் படச் சேமிப்புச் செயலிகளில், கேளாமலே ‘நினைவுப்’ படங்களைத் தொகுத்தளிக்கத் தொடங்கியபோது அதன் முழுப்பொருள் விளங்கிற்று. தொகுப்பவர் யார் என்னும் முதல் வினாவுக்குக் குடும்பத்தில் எவரையும் சுட்டிக்காட்ட முடியாத நிலை இன்று தோன்றியுள்ளது.

இவ்வாறு கூறுவதால் எளிய தொகுப்பு மென்பொருளை இழப்பின் கருவியாக மட்டுமே காண்கின்றோம் எனக் கொள்ளலாகாது. ஜொனதன் கவற் என்ற அமெரிக்க இளைஞர் சிறுபிராயம் முதல் இருபதாண்டு காலம் தாம் பதிந்து வைத்த சூப்பர் 8 சுருள்களையும் வீடியோ நாடாக்களையும் ஒளிப்படங்களையும் தொலைபேசிப் பதிவுகளையும் ஐமூவியிலே தொகுத்து ‘ராநேசன்’ என்னும் படத்தை 2003 இல் ஆக்கினார். மனநோய்க்கென மின்னதிர்ச்சிச் சிகிச்சைக்கு உள்ளான தாயின் வாழ்வும் அத்தாயின் மகனாக வளர்ந்த தமது வாழ்வுமே அதன் பொருள். இசையுரிமை முதலிய பின்செலவுகள் நீங்கலாக அதற்கு ஏற்பட்ட செலவு 218 டொலர் என்றே அறிவிக்கப்பட்டது. 2004 இல் சண்டான்ஸ், கான் விழாக்களில் அது திரையிடப்பட்டது. குடும்பப் படங்கள் வழமையாக எதனை மறைக்குமோ, அதாவது நோயையும் சண்டையையும் நீங்கிச் சென்றோரையும், அதனையே இவர் தொகுப்பின் நடுவே நிறுத்தினார். சிரித்த முகங்களை மட்டும் சேர்க்கும் தொகுப்பு மரபுக்கு எதிரான தொகுப்பும் அதே இலவச மென்பொருளால் இயன்றது என்பது மறுக்கற்பாலதன்று. நோயுற்ற தாயின் நிலையைக் காட்ட மகனுக்குள்ள உரிமை எத்தகையது என்னும் கேள்வியும் உடனெழுந்தது. அது எழுந்ததே நன்று.

ஆயினும், தொகுப்பில் வல்லவர் எதனை வெட்டுவார், வரலாற்றாசிரியர் எதனை வேண்டுவார் என்ற முரண்பாடு இதனால் தீர்ந்துவிடவில்லை. அதனை மிகத் தெளிவாக உணர்த்துவது போலந்து நாட்டிலே எடுக்கப்பட்ட ஒரு சிறு படம். 1938 ஓகஸ்ற் மாதத்தில் டேவிட் கேட்ஸ் என்னும் அமெரிக்கர் ஐரோப்பியச் சுற்றுலாவின்போது தாம் பிறந்த நஷெல்ஸ்க் என்ற ஊருக்குச் சென்று, 16 மி.மீ. கமராவினால் ஏறத்தாழ மூன்று நிமிடம் படம் பிடித்தார். கமராவைக் கண்ட ஊரவர், சிறப்பாகச் சிறுவர், ஒருவரையொருவர் தள்ளிக்கொண்டு முன்னே வருகின்றனர், கையசைக்கின்றனர், காட்சியை மறைக்கின்றனர். எந்தக் கைந்நூலின்படி நோக்கினும் இது பழுதான படம். கட்டடம் தெரியவில்லை, கமரா ஆடுகின்றது, நிகழ்ச்சியென்று ஒன்றுமில்லை. மூவி மேக்கர் முன் அமர்ந்த ஒருவர் இதனைப் பத்து விநாடியாகக் குறைத்து, அடுத்த நகரத்தின் காட்சிக்குச் சென்றிருப்பார்.

அவ்வூரில் ஏறத்தாழ 3,000 யூதர் வாழ்ந்தனர். 1939 டிசெம்பரில் அவர்கள் அங்கிருந்து வெளியேற்றப்பட்டனர். போர் முடிந்தபோது உயிர் எஞ்சியிருந்தோர் 100 பேருக்கும் குறைவு. கேட்ஸின் பேரனார் 2009 இல் புளோரிடாவிலே அலமாரியொன்றினுள் அச்சுருளைக் கண்டெடுத்தபோது அது சுருங்கிச் சிதையும் நிலையிலிருந்தது. வொஷிங்ரனிலுள்ள பேரழிவு நினைவு அரும்பொருட்சாலை அதனை மீட்டுப் பாதுகாத்தது. அதனைப் பார்த்த பெண்ணொருவர், கூட்டத்தில் நின்ற 13 வயதுச் சிறுவன் தம் பாட்டனாரே என அடையாளங்கண்டார். அவர் அப்பொழுதும் உயிரோடிருந்தார். வேறு சிலரின் பெயர்களை அவர் வாயிலாக அறிய முடிந்தது. கமராவுக்கு முன்னே முண்டியடித்து ‘படத்தைக் கெடுத்த’ முகங்களே அந்த ஊரின் எஞ்சிய வரலாறாயின.

ஒல்லாந்தைச் சேர்ந்த பியங்கா ஸ்ரிக்ரர் 2021 இல் அம்மூன்று நிமிடங்களை மட்டுமே கொண்டு 69 நிமிடப் படமொன்றைத் தொகுத்தார். குறைப்பதே தொகுப்பு என்னும் நூற்றாண்டுப் பாடத்தை அவர் மறுதலையாகச் செய்தார். ஒரு காட்சியை நிறுத்தினார், திருப்பினார், ஒரு முகத்தை அணுகிச் சென்று அதனோடு தங்கினார். சிறுவரின் தொப்பிகளும் பெண்களின் சட்டைப் பொத்தான்களும் அங்கே ஆராயப்படுகின்றன. பலசரக்குக் கடையொன்றின் வாசலுக்கு மேலே மங்கித் தெரியும் பெயர்ப்பலகையும் தப்பவில்லை; அதிலே யாருடைய பெயர் எழுதப்பட்டிருந்தது என்பதை எழுத்தெழுத்தாக வாசிக்க முயன்றிருக்கின்றனர்.